ஆறாவது வார்டு வெளிநடப்பு

"ஏம்மா மாரிக்கனி, இரங்கல் தீர்மானத்துக்குமா வெளிநடப்பு செய்வீக?"

பேரூராட்சித் தலைவர் காசிராஜன் மெல்லிய குரலில் கேட்டார். முன்னாள் உறுப்பினர் தவசிமுத்து காலமானதற்காக மன்றமே எழுந்து மௌன அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தது. ஆறாவது வார்டு கவுன்சிலர் மாரிக்கனி மட்டும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

"பெரியவரு தங்கமான மனுசன் அண்ணாச்சி. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

உடனே எதிர்வரிசையில் பொன்னுராஜ் மௌனத்தைக் கலைத்தார். "தலைவரின் சர்வாதிகாரப் போக்கைக் கண்டித்து நாங்களும் வெளிநடப்பு செய்கிறோம்!"

அவருடைய கட்சிக்காரர்கள் ஆறு பேரும் அவசரமாகச் செருப்பைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் மொத்தம் பதினைந்து வார்டு. காசிராஜனையும் சேர்த்து அவர் பக்கம் ஏழு பேர். பொன்னுராஜ் பக்கம் ஏழு பேர். மாரிக்கனி சுயேச்சை. அவள் கை தூக்கினால்தான் பெரிய கட்டட வேலை எதுவும் நடக்கும். ஆனால், ஜெயித்து வந்த நாளிலிருந்து ஒரு கூட்டத்தில்கூட அவள் முழுதாக உட்கார்ந்ததில்லை. முந்தின மாதக் கூட்டக் குறிப்பை வாசித்து முடிப்பதற்குள் எழுந்துவிடுவாள்.

காசிராஜனும் ஒவ்வொரு தடவையும் சாயங்காலம் போன் போட்டுக் கேட்பார். "ஒங்களுக்கு என்னம்மா கொறை?"

"எங்க தெருவுல வந்து செத்த நேரம் நின்னு பாருங்கண்ணாச்சி, தெரியும்."

காசிராஜன் எந்தத் தெருவிலும் போய் நிற்கிற ஆள் இல்லை. இன்ஜினியரை அனுப்பினார். தெரு இருட்டாக இருக்கிறது என்று இன்ஜினியர் சொன்னார். வரிசையாக லைட் போட்டார்கள். அடுத்த கூட்டத்திலும் மாரிக்கனி எழுந்து போனாள். சாக்கடையை அள்ளினார்கள். மறுபடியும் போனாள். சிமெண்ட் ரோடு போட்டார்கள். அதற்குப் பிறகும் போனாள்.

"எங்க வார்டுல ஒரு பல்பு எரியல தலைவரே. நாங்களும் எந்திரிச்சுப் போனாத்தான் செய்வீகளோ?" என்று அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

இன்றைக்கு நிலைமை இன்னும் மோசம். செயல் அலுவலர் அவர் காதுப்பக்கம் குனிந்தார்.

"சார், சந்தைக் கட்டடத்துக்கு எட்டுப் பேர் கை தூக்கணும். இந்த மாசம் தீர்மானம் போடலேன்னா, வந்த நிதி திரும்பிப் போயிரும்."

மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் காய்கறிக்காரர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிற சந்தை அது. சந்தையைக் கட்டுவேன் என்று சொல்லித்தான் காசிராஜன் ஓட்டுக் கேட்டிருந்தார்.

"எவனோ பின்னால இருந்து அந்தப் பிள்ளைய ஆட்டிவைக்கான். எவன்னு இன்னைக்கு நேர்லயே பாத்துருதேன். வண்டிய எடுங்க!" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

வாசல் படியில் பொன்னுராஜ் ஒரு நிருபருக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். காசிராஜனைக் கண்டதும் ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"தலைவரே, மாரிக்கனி எதுக்கு வெளிநடப்பு செஞ்சாக? நிருபர் கேக்காரு, எனக்குச் சொல்லத் தெரியல."

"காரணம் தெரியாமலா இம்புட்டு நாளும் பின்னாலயே போனீரு?"

"பின்ன? ஒரு பொம்பளப்பிள்ள தனியா எதுத்து வெளிய போகும்போது, எதிர்க்கட்சி நாங்க உள்ள ஒக்காந்து மிக்சர் தின்னுக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"

காசிராஜன் செயல் அலுவலரின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

மாரிக்கனியின் தெருவுக்குள் வண்டி நுழைந்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பளிங்கு மாதிரி ரோடு, துடைத்து வைத்த மாதிரி வாய்க்கால். தலைவர் குடியிருக்கிற தெரு இதில் பாதிகூட இருக்காது.

தெருக்கோடியில் பெண்கள் கூட்டமாக நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'ஆள் சேர்க்காளே!' என்று காசிராஜனுக்குத் திக்கென்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நடுவில் குழாயடி. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மாரிக்கனி குடத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"இங்க என்னம்மா செய்றீக? அங்க மன்றமே நின்னு கெடக்கு!"

"தண்ணி பிடிக்கேன் அண்ணாச்சி. எங்க தெருவுக்கு வாரத்துக்கு ஒருநாள்தான், புதன்கிழமை. அதுவும் அரை மணி நேரம்தான் விடுவாக. நீங்களும் கூட்டத்த புதன்கிழமையே போடுதீக. எங்க வீட்டுக்காரவுக பட்டாளத்துல இருக்காக, பிள்ளைக பள்ளிக்கூடத்துல. நான் வரலேன்னா அடுத்த புதன் வரைக்கும் வீட்டுல குடிக்கத் தண்ணி ஏது?"

காசிராஜனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் வீட்டில் போர்வெல் இருக்கிறது. எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர் போகிறது என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை.

"அட ஆண்டவா! இத மொதக் கூட்டத்துலயே சொல்லிருந்தா, கூட்டத்த வியாழக்கிழமைக்கு மாத்திருப்பேனேம்மா!"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க லைட்டு போட்டீக. சரி, அடுத்த மாசம் சொல்லுவோம்னு பாத்தேன், சாக்கடைய அள்ளுனீக. அதுக்கடுத்து ரோடே வந்துட்டு."

மாரிக்கனி நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"சந்தைக்கு நாளைக்கே அவசரக் கூட்டம் போடுங்க, நான் வந்து மொத ஆளா கை தூக்குதேன். மத்தக் கூட்டத்த மட்டும் புதன்கிழமையே வைங்கண்ணாச்சி, எங்க ஓடைக்கு இன்னும் பாலம் வரல."