செல்லப்பெயர்

திரையில் அம்மா "குஞ்சு" என்றதும், பின்வரிசையிலிருந்த பொத்தேரி கல்லூரிப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பிளஸ்ஸிக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது.

இலங்கைச் சண்டையில் பிரிந்துபோன குடும்பங்களைப் பற்றிய ஆவணப்படம். தாம்பரத்தில் ஒரு சர்ச் ஹாலில் திரையிட்டிருந்தார்கள். படத்தில் பேசுகிற அம்மா ஞானஜோதி, இதோ பக்கத்து நாற்காலியில் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மன்னாரில் படகேறிய அன்று இடம் ஒரு பிள்ளைக்குத்தான் இருந்தது. கைக்குழந்தை பிளஸ்ஸி வந்துவிட்டாள். அடுத்த படகில் வரட்டும் என்று பெரியம்மாவிடம் விட்ட அக்கா ஜோசலின் அங்கேயே நின்றுபோனாள்.

நின்றவள்தான் ஜெயித்தாள்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு மன்னாருக்கு போன். நாற்பது தாண்டிய அக்காவிடம், குஞ்சு சாப்பிட்டியா, குஞ்சு தலைக்கு எண்ணெய் வைச்சியா என்று அம்மா குழைவாள். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு குரோம்பேட்டைக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நாயாய் அலைந்தவளுக்கோ, டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி வெறும் பிளஸ்ஸி.

படக்காரர்கள் அவளிடமும் ஒரு மதியம் முழுக்கப் பேசினார்கள். படத்தில் மிஞ்சியது, அம்மாவுக்கு மாத்திரை நீட்டும் அவள் கை.

இப்போது ஜோசலின் திரைக்கு வந்தாள். அம்மாவின் அதே மூக்கு. அதையும் அவளே எடுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டார்கள்.

ஜோசலின் சேலை ஓரத்தைத் திருகினாள்.

"குஞ்சு எண்டது தங்கச்சியின்ர பேர். அங்க பள்ளிக்கூட வாசல்ல அம்மா அப்பிடிக் கூப்பிட, பிள்ளையள் எல்லாம் சிரிச்சிருக்குதுகள். அந்த ஊர்ல அதுக்கு வேற அர்த்தமாம். இனி அப்பிடிக் கூப்பிடாதேங்கோ எண்டு அவள் அழுதவளாம். அதுக்குப் பிறகுதான் எனக்கு வந்தது. அவள் கழட்டிப் போட்டதை நான் போட்டுக்கொண்டிருக்கிறன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அது எந்த மாதிரிச் சிரிப்பு என்று பிளஸ்ஸிக்குத் தெரியாதா என்ன?

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். பிளஸ்ஸி எழுந்திருக்கவில்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானஜோதி பின்வரிசைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, மன்னார்ப் பேச்சு எட்டிப் பார்த்துவிடாதபடி, கவனமாகக் கேட்டாள்.

"பிளஸ்ஸி, போலாமா?"