நரியைத் தொடாத நாய்கள்

"உட்காருங்க டாக்டரம்மா. அப்படியே மண்ணுல உட்காருங்க. நின்னா கடிக்கும், உட்கார்ந்தா விட்டுடும்."

கூடார வாசலில் நின்ற பெரியம்மா சொன்னதும் ரஜ்வா உட்கார்ந்தாள். எதிரில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய், கழுத்தில் இரும்பு முள் வைத்த பட்டை. குரைக்கவில்லை, உறுமவில்லை. பார்த்துக்கொண்டே நின்றது.

கால்நடை மருத்துவராக இந்தப் பாலைவனத்துக்கு மாற்றலாகி வந்த பட்டணத்துப் பெண் அவள். ஒட்டகத்தின் வாய்க்குள் முழங்கை வரை கை விடுவாள். நாய் என்றால் மட்டும் ஈரக்குலை நடுங்கும். சின்ன வயதில் பட்ட கடி அப்படி.

ஆனாலும் இன்று வராமல் முடியாது. இந்தக் கூடாரத்துக்காரர் அபு தலால், ஆட்டுப்பட்டி ஓரம் செத்துக் கிடந்த ஒரு நரியைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கால்நடை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, அப்படியே சந்தைக்குப் போய்விட்டார். சோதித்துப் பார்த்தால் நரிக்கு வெறிநோய். அதன் கழுத்தில் பல் பதிந்த காயம். கொன்றது எதுவோ, அதன் வாயில் நரியின் எச்சில் இருந்திருக்கும். அந்த வாய் யாருடைய புண்ணில் பட்டிருந்தாலும் உடனே ஊசி போட்டாக வேண்டும். நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு எந்த மருந்தும் கேட்காது.

"இதுதானே பெரியம்மா நரியைக் கொன்னது?" என்றாள் ரஜ்வா, நாயிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

அபு தலாலின் மனைவி உம் தலால் சிரித்தாள். "இதுவா? ஓநாய் வந்தாத்தான் இவர் எந்திரிப்பார். நரிக்கெல்லாம் அந்த மரியாதை கிடையாது. ஆட்டை விட்டு அந்தாண்ட இந்தாண்ட நகர மாட்டார்."

அவள் நாயின் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். ரஜ்வா முகத்தைத் தடவிப் பார்த்தாள். நரி திருப்பிக் கடித்த அடையாளமாக ஒரு கீறல்கூட இல்லை. கை நடுங்க நடுங்க ஊசியைப் போட்டாள்.

அடுத்தது மண் நிறத்தில், வாலை முதுகில் சுருட்டி வைத்திருந்த நாய். கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தொண்டை கிழியக் குரைத்தது.

"இதுக்குக் குரைக்கிறது மட்டும்தான் உத்தியோகம். நீங்க ஒரு அடி முன்னால வெச்சா அது ரெண்டு அடி பின்னால வைக்கும். உங்களுக்குத் தோது."

எலும்பைக் காட்டி அதைப் பிடிப்பதற்குள் ரஜ்வாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அதன் மேலும் கீறல் இல்லை.

மூன்றாவது ஓர் அல்சேஷன். மகன் தலால் பட்டணத்திலிருந்து பெருமையாக வாங்கி வந்தது. சங்கிலி அறுந்துவிடும் போலப் பாய்ந்தது. ரஜ்வாவின் கையிலிருந்த ஊசி மணலில் விழுந்தது.

"பயப்படாதீங்க. சேவல்கிட்ட கொத்து வாங்கினதுலேர்ந்து இது லாரிக்கு அடியிலதான் குடித்தனம். சங்கிலியை அவிழ்த்தாலும் வெளிய வராது."

அதற்கும் காயமில்லை.

"வேற நாய் இருக்கா பெரியம்மா?"

"அல்லா மேல சத்தியமா இல்ல."

"நரியை எந்த நாய் கடிச்சது?"

"எங்க நாய் எதுவும் அதைத் தொடல. எத்தனை தடவை கேட்டாலும் அதேதான்."

"வீட்டுல குழந்தை இருக்குன்னு சொன்னாங்களே. நாயோட விளையாடுமா?"

உம் தலாலின் முகம் சுருங்கிப்போனது. "நல்லாக் கேட்டீங்க. நாய் வாய் வெச்ச பாத்திரத்தையே ஏழு தடவை கழுவுறவங்க நாங்க. எங்க பேத்தி வத்ஹா பொறந்ததுலேர்ந்து ஒரு நாயைத் தொட்டதில்ல. வாசப்படி தாண்டி ஒரு நாயும் உள்ள வந்ததில்ல."

ரஜ்வாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்துக் கூடாரங்களிலும் ஒரு பார்வை பார்க்கலாமே என்று மனசாட்சி முணுமுணுத்தது. அங்கே என்ன மாதிரி நாய் நிற்குமோ என்று கால் மறுத்தது. இன்னொரு நரிதான் கடித்திருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

உள்ளே காப்பி மணத்தது. ஏலக்காயும் கசப்புமாக மூன்று குவளை குடித்தாள். போதும் என்றால் குவளையை ஆட்டிக் காட்டுவது அங்கே வழக்கம். கைநடுக்கம் இன்னும் நிற்காததால் தனியாக ஆட்ட வேண்டியிருக்கவில்லை. உம் தலால் அதைச் சொல்லிச் சிரித்தாள். ரஜ்வாவும் சிரித்துவிட்டாள்.

அப்போது கூடாரத்தை இரண்டாகத் தடுத்திருந்த திரைக்குப் பின்னால் ஒரு குழந்தையின் சிரிப்பு கேட்டது.

"வத்ஹா, விருந்தாளி வந்திருக்காங்க பாரு," என்று உம் தலால் திரையை ஒதுக்கினாள்.

மெத்தையில் நாலு வயதுக் குழந்தை காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. எங்கோ விழுந்து முழங்காலில் தோல் உரிந்திருந்தது. அந்தப் புண்ணை, ஒட்டிய வயிறும் நீண்ட கால்களுமாகப் பக்கத்தில் படுத்திருந்த ஒரு வேட்டைநாய் ஆசை ஆசையாக நக்கிக்கொண்டிருந்தது. அதன் மெல்லிய மூக்கில் கோடு கிழித்தாற்போலக் காயம்.

ரஜ்வா எழுந்தே விட்டாள். "பெரியம்மா... வேற நாய் இல்லன்னு சத்தியம் பண்ணீங்களே?"

"நாயா?" உம் தலாலுக்குக் கோபமே வந்துவிட்டது. "நாயை யாராவது படுக்கையில ஏத்துவாங்களா? இவ ஸலூக்கி, ஸலூக்கியை நாங்க நாய்க் கணக்குல சேர்க்கிறதில்ல, எங்க வீட்டு வேட்டைக்காரி, இந்த வீட்டுக்குப் பொண்ணு மாதிரி. அன்னிக்கு அந்த நரியைத் துரத்திப் பிடிச்சுட்டு ஓடி வந்தவதான், குழந்தையை நக்குறதை இன்னும் நிறுத்தல."