அரை நிமிட அழுகை

அண்ணனுக்குத் தொண்டை அடைத்தது. தம்பி மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

“ஆரம்பிச்சிருச்சா?” என்றான். “அரை நிமிஷந்தானே. ஓடி முடியட்டும்.”

பேக்கரியின் பின்னறையில் அடுப்புச் சூடு முகத்தில் அறைந்தது. மூன்று வருடம் கழித்து வந்த அண்ணனுக்கு அவன் ஒரு ஸ்டூலைக்கூட நகர்த்திப் போடவில்லை. அண்ணி வாசலோடு நின்றுவிட்டாள்.

அண்ணனின் நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு கருவி உண்டு. கழுத்து நரம்புக்கு மின்சாரம் அனுப்பி வலிப்பை அடக்குவது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை நிமிடம் ஓடும். ஓடும்போது குரல் கம்மிப்போய், அழுகிறவன் பேசுவது போலவே கேட்கும். அதைப் பொருத்திய அன்று ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவன் தம்பிதான். டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தையும் அவனுக்கு மறக்கவில்லை.

அம்மா சாகக் கிடந்தபோது அண்ணன் அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஏன் என்று சட்டையைப் பிடித்தான். அண்ணனின் குரல் கம்மியது. அவ்வளவுதான், பெரியம்மா அண்ணன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சொந்தபந்தம் மொத்தமும் அந்தப் பக்கம் போய்விட்டது.

“நெத்தியில என்ன பிளாஸ்திரி? வேற எவன்கிட்டயாவது வாங்கிக் கட்டிக்கிட்டியா?”

குளியலறையில் விழுந்துவிட்டதாகச் சொன்னான் அண்ணன். நாளைக்கு ஆபரேஷன், அதற்கு முன்னால் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்று வந்ததாகவும் சொன்னான். பிறகு, “அம்மா விஷயத்துல நான் பண்ணது தப்புடா” என்று தொடங்கினான். பாதியிலேயே குரல் உடைந்தது.

தம்பி மாவைப் பலகையில் ஓங்கி அடித்தான்.

“இந்த வித்தையெல்லாம் பெரியம்மாகிட்ட காட்டு. எனக்கு உன் மெஷினைத் தெரியும்.”

அண்ணன் திரும்பி வெளியே போனான். அவன் நின்ற இடத்துக்கு அண்ணி வந்தாள்.

“அவன்கிட்ட சொல்லுங்க அண்ணி. மெஷினை நிறுத்திட்டு வந்து மன்னிப்புக் கேக்கட்டும். அப்போ நம்புறேன்.”

“ஆபரேஷன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றாள் அண்ணி.

அவன் நிமிர்ந்தான்.

“அது நின்னு பத்து நாளாச்சு, தம்பி.”