தாமாகவே கலைந்து சென்றனர்

மூன்று மார்க் கேள்விக்கு முட்டை வாங்கிய மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு, தையல்கார அம்மா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

சரித்திர டீச்சர் பேனாவை மூடி வைத்தாள். மார்க்குக்காகச் சண்டைக்கு வரும் தாய்மார்களை அவள் நிறையப் பார்த்தவள். பேச்சு டீச்சரோடு நிற்காது. டீச்சரைப் படிக்க வைத்தவர்கள் வரைக்கும் போகும்.

கேள்வி இதுதான்: ஆலை வேலைநிறுத்தம் எவ்வாறு முடிவுற்றது?

'காவல்துறையின் அறிவுரையை ஏற்று, தொழிலாளர்கள் தாமாகவே கலைந்து சென்றனர்' என்கிறது பாடப்புத்தகம். வகுப்பே காற்புள்ளி பிசகாமல் அதை எழுதியிருந்தது.

இவள் மட்டும், 'எல்லாரும் போகவில்லை. என் தாத்தா ஆலை வாசலிலேயே குண்டு பட்டு இறந்துவிட்டார்' என்று எழுதியிருந்தாள்.

புத்தகத்தில் இல்லாததற்கு மார்க் கிடையாது. டீச்சர் முட்டையைப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருந்தாள்.

ஆனால் அம்மா சண்டைக்கு வரவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். வீட்ல பேசுறதையெல்லாம் பரீட்சையில கொட்டிட்டா. இனிமே புத்தகத்துல இருக்கறபடியே எழுதணும்னு சொல்லிட்டேன்."

தன்னைப் பெற்ற தகப்பன் சுடப்பட்டதை மறைத்து எழுத, தன் வாயாலேயே மகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது அவளுக்கு.

சிறுமி அழவில்லை. கீழுதடு மட்டும் பிதுங்கியிருந்தது.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. அவளைப் பக்கத்தில் இழுத்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"தாத்தா பேர் என்னம்மா?"

சிறுமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள். பிறகுதான் சிறுமி பெயரைச் சொன்னாள்.

ஊரில் பலருக்கும் இருக்கிற பெயர் இல்லை அது.

முடியை ஒதுக்கிய கை அங்கேயே நின்றுவிட்டது.

டீச்சர் விடைத்தாள் கட்டைப் பிரித்தாள். சிறுமியின் தாளைத் தேடி எடுத்தாள். முட்டையை அடித்துவிட்டு மூன்று போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள். தலைமையாசிரியர் கேட்டால் கேட்கட்டும்.

"நீ எழுதினதுதான் சரி. மாத்தி எழுதாதே."

தையல்கார அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். கேட்டால் எங்கே மார்க்கை மாற்றிவிடுவார்களோ என்று பயந்தவள் போல, மகளை அணைத்துக்கொண்டு வெளியே போனாள்.

டீச்சரின் அப்பா போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மதியத் தூக்கத்தில் அடிக்கடி ஒரு பெயரைச் சொல்லி, "போயிடுப்பா... சொன்னா கேளு, போயிடு" என்று கெஞ்சுவார்.

அது யாருடைய பெயர் என்று அன்றுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.