பதினொரு தப்பு

மோகனப்பிரியா மடிக்கணினியில் ஓடிய தேர்வுப் பதிவை நிறுத்தி, அந்த இடத்தையே மறுபடி ஓட்டிக் கேட்டாள்.

சந்தேகமே இல்லை. ஆண் குரல். அதுவும் பதிலைத்தான் சொல்கிறது.

மேசைக்கு எதிரே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள் மாணவி நிரோஷா. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவிலிருந்து தினமும் படகும் பஸ்ஸும் மாறி வருகிறவள்.

கல்லூரிக் கட்டடத்தைத் தேர்தல் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டதால் இந்த முறை மாதத் தேர்வு செல்போனில் நடந்தது. நாலு விடையில் ஒன்றைக் குறிக்கிற மாதிரி இருபது கேள்வி, அரை மணி நேரம். கேமராவை அணைக்கக் கூடாது.

வீட்டில் சிக்னல் விட்டுவிட்டு வருகிறதென்று நிரோஷா அப்பாவின் படகில் ஏறி நடு ஏரிக்கே போய்விட்டாள். திரை முழுக்க அவள் முகம். பின்னால் வானம். ஓரத்தில் சட்டை போடாத ஒரு முதுகு குனிந்து வலை இழுத்துக்கொண்டிருந்தது.

நிரோஷாவுக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். அவள் கேள்வியைப் படிக்கப் படிக்க, அந்த முதுகு பதில் சொல்லிக்கொண்டே வந்தது.

பெண் நண்டை எப்படி அடையாளம் காண்பது என்றதற்கு, "வயித்து மூடி அகலமா இருக்கும், வேற இன்னா" என்றது. மடவை மீன் எங்கே முட்டையிடும் என்றதற்கு, "கடலுக்குப் போயி" என்றது.

தேர்வைக் கண்காணிக்கும் மென்பொருள் அதைப் பிடித்துச் சிவப்புக் குறி போட்டுவிட்டது. மதியத்துக்குள் அறிக்கை வேண்டும் என்று துறைத்தலைவர் காலையிலேயே சொல்லிவிட்டார். காப்பி அடித்தது உறுதியானால் இந்தப் பருவம் முழுக்கப் பெண் எந்தத் தேர்வும் எழுத முடியாது.

உறுதியாக இனி என்ன வேண்டும்? மோகனப்பிரியா பேனாவைத் திறந்தாள். மதிப்பெண்ணைக் குறிக்க, அச்செடுத்து வைத்திருந்த விடைத்தாளை எடுத்தாள்.

ஒன்பது.

தேர்ச்சிக்கே பத்து வேண்டும். இத்தனை பதில் காதில் விழுந்துமா ஒன்பது?

பதிவை முதலிலிருந்து ஓடவிட்டு, குரல் கேட்ட கேள்விக்கெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். பதினொரு புள்ளி.

அப்பா சொன்ன பதினொன்றும் சரி. நிரோஷா குறித்த பதினொன்றும் தப்பு.

அப்பா வாயே திறக்காத மற்ற ஒன்பது, நொதி, மரபணு, செல் பிரிதல் என்று வகுப்பே திணறிய அந்த ஒன்பது, அத்தனையும் சரி.

கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தால்கூடப் பதினொன்றில் இரண்டு மூன்று தானாக விழுந்திருக்கும். அதுவும் நண்டு பிடிக்கிற வீட்டுப் பெண்ணுக்குப் பெண் நண்டு தெரியாதா?

விடைத்தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். "என்னம்மா இது?"

நிரோஷா புள்ளிகளைப் பார்த்தாள்.

"நைனா முந்திக்கினாரு மேடம். அவரு சொன்னப்புறம் அத என்னோட பதில்னு எப்படிப் போடறது?"

மோகனப்பிரியா பேனாவை மூடி வைத்துவிட்டு, விடைத்தாளோடு துறைத்தலைவர் அறைக்குப் போனாள். அவர் புள்ளிகளை இரண்டு முறை எண்ணினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறையும் எண்ணினார். பிறகு மறுதேர்வுக்குக் கையெழுத்துப் போட்டார்.

பிற்பகல் ஆய்வகத்தில் தனியாக உட்காரவைத்து, புதிதாகப் பதினொரு கேள்வி. பத்தே நிமிடத்தில் நீட்டிவிட்டாள். பத்து சரி.

அவள் பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போன பிறகுதான் மோகனப்பிரியாவுக்குக் கேட்கத் தோன்றியது. "சும்மா இருங்கன்னு அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே?"

நிரோஷா திரும்பினாள்.

"அஞ்சாங்கிளாஸோட நின்னவரு மேடம். சொல்றதெல்லாம் கரெக்டா சொல்லிக்கினு வர்றாரு. நடுவுல எப்படி நிறுத்தச் சொல்றது?"