கழன்ற வயர்

"காரை வாங்க வந்த மூணாவது ஆளும் வேண்டாம்னுட்டான் தம்பி! புகைக்குழாய் சென்சார் கோளாறுன்னு விளக்கு எரியுதாம். இந்த ஓட்டைக் காரை எப்பத்தான் தலைமுழுகுறது?" என்று மெக்கானிக்கிடம் புலம்பிவிட்டு, கணவர் டீ குடிக்கப் போனார். மனைவி மட்டும் காருக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

மெக்கானிக் காருக்கு அடியில் புகுந்து, சென்சாரை மீட்டர் வைத்துச் சோதித்தான். அதில் ஒரு குறையும் இல்லை. வயர்தான் கழன்று தொங்கியது. தானாகக் கழலும் வயரும் அல்ல அது. யாரோ கிளிப்பை அழுத்திப் பிடுங்கியிருக்கிறார்கள்.

வெளியே வந்தவன், காரைத் தடவிக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"அக்கா, விக்க மனசில்லைன்னா சார்கிட்ட நேரா சொல்லிடலாமே. வயரை எதுக்குப் பிடுங்கணும்?"

"நானா? ஆள் பாக்க வர்ற அன்னைக்கெல்லாம் விடிஞ்சதும் காருக்கு அடியில போய்ப் படுத்துக்கறது அவருதான் தம்பி!"

"தெரிஞ்சுமா நீங்க கேக்கலை?"

அவள் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏதோ கோவத்துல விக்கச் சொன்னதே நான்தான். இப்பக் கேட்டா வெக்கப்பட்டு நிறுத்திடுவாரு. அப்புறம் கார் நிஜமாவே வித்துப் போயிடுமே!"