மூன்றாம் வகுப்பு ரேடியோ

"இப்ப நீங்க எல்லாரும் மூணாம் வகுப்புப் பிள்ளைங்க. நடிப்பு நிஜமா இருக்கணும். பாடம் நடத்துறவங்க ஒரு பிள்ளையைக்கூட விட்டுடக் கூடாது!"

சொல்லிவிட்டு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மேடம் மதிப்பெண் தாளோடு கம்ப்யூட்டர் அறையின் மூலையில் உட்கார்ந்தார்.

மீசை வைத்த பிள்ளைகள் கோரஸாக இழுத்தார்கள். "வணக்கம் டீச்ச்ச்சர்!"

இன்று பாடம் நடத்தும் தேர்வு அக்காவுக்கு. கல்யாணம், குழந்தை எல்லாம் ஆன பிறகு படிக்க வந்ததால் வகுப்புக்கே அவர் அக்கா. போன தடவை பாடத்தை முடிக்காமல் கோட்டை விட்டவர். இன்றும் விட்டால் ஒரு வருடம் போச்சு.

திரையில் பாதிக் கதை இருக்கும். படித்து, மீதியை டைப் செய்து, சேமிக்க வேண்டும். எல்லாரும் ஆரம்பித்தாயிற்று, ரேடியோவைத் தவிர.

ரேடியோ என்பது பட்டப்பெயர். பிரின்ஸிபால் இருமல் முதல் வாட்ச்மேன் கொட்டாவி வரை அத்தனையும் அவன் தொண்டையில் இருந்தது.

"டீச்சர்ர்ர், இது ஓடவே மாட்டேங்குது!" மழலையில் சிணுங்கியபடி மவுஸைத் தூக்கித் திரையில் தேய்த்தான். அறையே குலுங்கிச் சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. அவன் பக்கத்தில் முட்டி போட்டார்.

"மேசை மேலேயே வை கண்ணா. மெதுவா நகர்த்து. அம்பு கூடவே வருது பார்."

"எனக்கு வராது டீச்சர்ர்ர்..."

"வரும். இன்னொரு தடவை."

ஒரு எழுத்து விழுந்தது. அது தப்பு. அழித்து, மறுபடி ஒன்று.

"அக்கா, அவன் உங்களை ஓட்டுறான்! மீதிப் பாடத்தைப் பாருங்க!" முன்வரிசை பதறியது. அக்கா எழுந்திருக்கவில்லை.

அவன் கதையின் கடைசி வரி விழுந்தபோது மணி அடித்தது.

"ஒருத்தன் நடிப்புக்கு ஏமாந்து அங்கேயே உட்கார்ந்துட்டீங்களேம்மா! பாதிப் பாடம் அப்படியே நிக்குது. மறுபடியும் ஃபெயில்தான்" என்றார் மேடம்.

"சரிங்க மேடம்" என்றார் அக்கா.

வராந்தாவில் ரேடியோவைச் சூழ்ந்துகொண்டார்கள். "உன் கூத்துக்கு அவங்க வருஷம்தான் கிடைச்சுதா?" "நீயெல்லாம் மனுஷனாடா?"

கூட்டம் கலைந்ததும் அவன் அக்காவிடம் வந்தான்.

"மேடம்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடறேன்க்கா." வேறு யார் குரலும் இல்லை, அவன் குரல்.

"வேணாம். கல்லூரி முழுக்கத் தெரிஞ்சா உன்னால தலை நிமிர முடியாது. எனக்கு ஒரு வருஷம் போனா இன்னொரு வருஷம் வரும். சாயங்காலம் வா, சேமிக்கிறது ஒண்ணுதானே பாக்கி? நாளைக்கு நிஜப் பிள்ளைங்க முன்னாடி நிக்கப்போறவன் நீ."

அவன் கண் கலங்கியது. "நான் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லைன்னு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"குரலை நல்லாத்தான் மாத்தினே" என்றார் அக்கா. "கை நடுங்கிச்சே, அதையுமா நடிப்பாங்க?"